மாடியில மல்லி வரமாட்டேங்குது (பூ இல்ல, இலை)

9 ஜூன் 2024, காலை

குரோம்பேட்டை. மொட்டை மாடி, பக்கத்துல மரநிழல் கிடையாது. கொத்தமல்லி மூணாவது தடவையா போட்டாச்சு. முளைக்குது, நாலு இலை விடுது, அப்புறம் இலை ஓரம் பழுப்பாகி, தீஞ்ச அப்பளம் மாதிரி சுருண்டு படுத்துடுது. புதினா அதைவிட மோசம். அதே மாடியில சங்குப்பூ, கற்பூரவல்லி, பிரண்டை மூணும் காடா மண்டிக் கிடக்கு. வெயில் ஒண்ணு, மண்ணு ஒண்ணு, தண்ணி ஒண்ணு, ஊத்தற கையும் ஒண்ணு. இதுங்களுக்கு மட்டும் என்ன கேடு?

மண்: செம்மண் 2 பங்கு, மண்புழு உரம் 1, தேங்காய்நார்க் கழிவு 1. தொட்டி விளிம்புல வெள்ளையா பூஞ்சை மாதிரி ஏதோ படியுது. ஒருவேளை அதுவா?

9 ஜூன், ராத்திரி

தலைப்புல வெறும் 'மல்லி'ன்னு போட்டது என் தப்புதான். சாயந்திரத்துக்குள்ள அஞ்சு பேர் குண்டுமல்லிக்கு எப்படிக் கவாத்து பண்ணணும்னு எழுதிட்டாங்க. நவம்பர் கடைசியில வெட்டிவிட்டா மார்ச்லேர்ந்து பூக்கும், நல்ல தகவல், நன்றி. ஆனா என்னால ரசத்துல குண்டுமல்லி கிள்ளிப் போட முடியாது. தலைப்பை மாத்திட்டேன்.

12 ஜூன்

வந்த யோசனைகள்ல முக்கால்வாசி வெயில்தான் காரணம்னுது. கொத்தமல்லி குளிர்கால ஆளு, சூடு பட்டா இலை விடறதை விட்டுட்டு பூவுக்குப் போயிடும்னு எனக்கும் தெரியும். ஆனா என்னுது பூக்கவே இல்லையே, அதுக்கு முன்னாடியே கருகுது. சரி, பச்சை நிழல் வலை 50 சதவீதம் வாங்கிக் கட்டியாச்சு.

விதை உடைக்கிற விஷயம்: தனியா ஒண்ணுக்குள்ள ரெண்டு விதை இருக்கு, ரெண்டாப் பிரிச்சுப் போடணும்னு சொன்னாங்க. நான் பூரிக்கட்டையால உருட்டினேன். எங்க அத்தை பாத்துட்டு, "ஏம்மா, விதைக்கப் போறியா, சாம்பார்ப் பொடி பண்ணப் போறியா?"ன்னாங்க. அவங்க மாயவரத்துப் பக்கம். அங்க பழைய செருப்பால தரையில வச்சு லேசா ஒரு தேய் தேய்ப்பாங்களாம். செருப்புல தேய்ச்சதை எப்படிச் சாப்பிடறதுன்னு கேட்டேன். "முளைச்சு வர்றதைத்தானே சாப்பிடப்போற, செருப்பையா?"

வெள்ளைப் பூஞ்சைக்கு மஞ்சத்தூள் தூவச் சொன்னவருக்கு: தூவியாச்சு. இப்ப மஞ்சப் பூஞ்சையா இருக்கு.

இலை ஓரம் கருகறது சத்துக் குறைன்னு ஒருத்தர் சொல்றார். பஞ்சகவ்யம் 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி கலந்து தெளிக்க ஆரம்பிச்சிருக்கேன். தண்ணி போதாதோன்னு கேட்டவருக்கு: ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணியைக்கூட வீணாக்காம வாளியில பிடிச்சு மாடிக்கு ஏத்தறவ நான். தண்ணிக்குக் குறையே இல்ல.

30 ஜூன்

கொத்தமல்லி: நாலாவது தடவையும் போச்சு. பேச விருப்பமில்ல.

சங்குப்பூவைப் பத்திப் பேசலாம். பொண்ணு அதுல டீ போட்டா. அஞ்சாறு பூவைக் காம்பு பச்சையைக் கிள்ளிட்டு வெந்நீர்ல போட்டா, ரெண்டு நிமிஷத்துல சொட்டு நீலம் கலந்த மாதிரி ஆயிடுது. எலுமிச்சை பிழிஞ்சா ஊதா. ஆப்ப சோடா ஒரு சிட்டிகை போட்டா பச்சைப் பக்கம் திரும்புது. புளிப்புக்கும் காரத்துக்கும் நிறம் மாறற சாயம் அது, பள்ளிக்கூடத்து லிட்மஸ் தாள் கதைதான். மலேசியாவுல கிளந்தான் பக்கம் இதுல சோறே நீலமா பண்றாங்க, நாசி கெராபுன்னு பேரு.

ருசி? ஒண்ணும் இல்ல. வேகவச்ச அவரைத் தண்ணியில சர்க்கரை போட்ட மாதிரி. அவரை இனம்தானே, வேற எப்படி இருக்கும். ஞாபக சக்தி வளரும்னு அனுப்பறவங்க தயவுசெஞ்சு எனக்கு அனுப்பாதீங்க. பாக்க அழகா இருக்கு, குடிக்கறோம், அவ்வளவுதான்.

14 ஜூலை

எந்தெந்தப் பூவைச் சாப்பிடலாம்னு நாலஞ்சு பேர் தனியா கேட்டிருக்காங்க. எங்க வீட்டுல சாப்பிடறதை மட்டும் சொல்றேன்: வாழைப்பூ, முருங்கைப்பூ, அகத்திப்பூ, வேப்பம்பூ, ஆவாரம்பூ, பூசணிப்பூ, செம்பருத்தி, பன்னீர் ரோஜா, சங்குப்பூ. அகத்திப்பூவுல நடுவுல இருக்கற நரம்பை உருவிட்டுப் பொரியல் பண்ணுங்க, கசப்பு குறையும். மத்ததெல்லாம் உங்க அம்மாவுக்கே தெரியும்.

செம்பருத்தி டீன்னு கடையில விக்கிறது நம்ம வீட்டுச் செம்பருத்தி இல்ல. அது புளிச்சகீரைக் குடும்பத்துச் செடி, பூவுக்கு அடியில இருக்கற சிவப்பு சதைப்பத்தைக் காயவச்சு விக்கறாங்க. அதான் அந்தப் புளிப்பு. நம்மதுல இதழைப் போட்டா நிறம் வரும், புளிப்பு வராது, எலுமிச்சை பிழிஞ்சுக்கணும்.

ரோஜாவுக்கு ஒரு எச்சரிக்கை. நர்சரியில பூவோட வாங்கிட்டு வர்ற செடியில அந்தப் பூவைத் தின்னாதீங்க. பூச்சி மருந்து அடிச்சுத்தான் வச்சிருப்பாங்க. சில மருந்து இலை மேல நிக்கறதில்ல, செடிக்குள்ளயே ஏறிடும், கழுவினாலும் போகாது. இருக்கற மொட்டையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டு, சில மாசம் உங்க கையில வளந்து புதுசா விடற பூவை எடுங்க. பூக்கடைப் பூவுக்கும் இதே சட்டம். அது சாமிக்கு, சாம்பாருக்கில்ல.

வேண்டவே வேண்டாதது: அரளி. வெள்ளை, சிவப்பு, மஞ்சள் எதுவா இருந்தாலும், இலை பூ வேர் காய் எல்லாமே விஷம், இதயத்தைப் பிடிக்கும். ஊமத்தை, செங்காந்தள் அதே வரிசை. நித்தியகல்யாணிப் பூ தினம் அஞ்சு மென்னா சர்க்கரை நோய் போகும்னு ஒரு செய்தி சுத்துது. அந்தச் செடியிலேர்ந்துதான் புற்றுநோய்க்குக் குடுக்கற வின்கிரிஸ்டின் எடுக்கறாங்க. அது டாக்டர் அளந்து நரம்புல ஏத்தற மருந்து. அந்தச் செடியைக் காலையில காபிக்கு முன்னாடி மெல்லறதா? எங்க தெருவுல ஒரு பெரியவர் மென்னுக்கிட்டிருந்தார். சொல்லி நிறுத்தறதுக்கு ஒரு வாரம் ஆச்சு. இன்னும் என்மேல கோவம்தான்.

15 ஜூலை

குறிஞ்சிப்பாட்டுல கபிலர் 99 பூ சொல்லியிருக்கார், நீங்க ஒம்பதோட நிறுத்திட்டீங்களேன்னு ஒரு தமிழாசிரியர் கிண்டல் பண்ணியிருக்கார். ஐயா, அந்தப் பட்டியலே செங்காந்தள்ல தொடங்குது. அதைச் சமைச்சா மிச்சம் 98-ஐ எண்ண ஆள் இருக்காது.

4 ஆகஸ்ட்

பூசணிப்பூ பஜ்ஜி போட்டேன்னு பெருமையா படம் போட்டிருந்தேனே, அதுல பாதி பெண் பூ. பூவுக்கு அடியில குட்டியா உருண்டையா பிஞ்சு இருந்தா அது பெண் பூ, அதைப் பறிச்சா பூசணிக்காயே போச்சு. ஒல்லியா நீளக் காம்போட நிக்கறதுதான் ஆண் பூ. படத்தை உத்துப் பாத்துட்டு ஒருத்தர், "அம்மா, நீங்க ஆறு சாம்பாரை எண்ணெயில பொரிச்சிருக்கீங்க"ன்னு எழுதினார். சிரிச்சுக்கிட்டேன், வயித்தெரிச்சல்தான்.

செடி முதல்ல பத்துப் பதினஞ்சு நாள் ஆண் பூவாத்தான் விட்டுச்சு. நான் அதையெல்லாம் பறிக்காம விட்டுவச்சேன், அப்புறம் பொறுமை இல்லாம வந்ததையெல்லாம் கண்ணை மூடிக்கிட்டுப் பறிச்சேன். இப்ப விடிஞ்சதும் போய் ஒரு ஆண் பூவைப் பிச்சு, இதழை உரிச்சுட்டு, நடுக்குச்சியால பெண் பூவுக்குள்ள தடவிட்டு வர்றேன். மத்தியானத்துக்குள்ள பூ மூடிக்கிது. தடவி முடிச்ச ஆண் பூதான் பஜ்ஜிக்கு. ஒண்ணும் வீணில்ல.

22 செப்டம்பர்

ரெண்டு திருத்தம்.

ஜூன்ல யாருக்கோ பதில் சொல்றப்ப 'ஓமவல்லி விதைதான் ஓமம்'னு எழுதிட்டேன். தப்பு. கற்பூரவல்லிக்கு ஓமவல்லின்னு பேர் வந்தது வாசனையால. ஓமம் வேற செடி, சொல்லப்போனா கொத்தமல்லிக்குப் பங்காளி. (அந்தக் குடும்பமே எனக்கு ஆகாது போல.)

சப்ஜா விதை பத்தி, அது துளசி விதைன்னு சொன்னேன். திருநீற்றுப்பச்சிலை விதை. பீட்சாக் கடையில பேசில்னு போடறாங்களே, அதே இனம். நாட்டு மருந்துக் கடையில சர்பத்துக்கு வாங்கினதையே ஒரு சிட்டிகை தூவினேன். தண்ணி பட்டதும் ஒவ்வொரு விதையும் நீலச் சாம்பல்ல ஜெல்லி கட்டிக்கிட்டு, குட்டையில தவளை முட்டை மிதக்கற மாதிரி ஆயிடுச்சு. மண்ணைப் போட்டு மூடாதீங்க, மேலயே கிடக்கட்டும். எனக்கு நாலாம் நாள் முளைச்சது. இலையைக் கிள்ளித் தக்காளிச் சட்னியில போட்டேன், அத்தை "விபூதி வாசனை அடிக்குது"ன்னு தட்டைத் தள்ளிட்டாங்க.

கறிவேப்பிலையில பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கும், எச்சம்னு விட்டுடாதீங்க. குச்சியால தொட்டேன், தலையிலேர்ந்து ஆரஞ்சு நிறத்துல ரெண்டு கொம்பு வெளிய வந்துச்சு, அழுகின எலுமிச்சை மாதிரி ஒரு நாத்தம். வண்ணத்துப்பூச்சிப் புழு. வளந்தா பச்சையா மாறி ஒரே நாள்ல கிளையை மொட்டை அடிச்சுடும். பொண்ணு கொல்லக் கூடாதுன்னுட்டா. ரெண்டு கிளை அதுங்களுக்கு, மிச்சம் ரசத்துக்குன்னு ஒப்பந்தம்.

27 அக்டோபர்

செத்துப்போச்சுன்னு மூலையில தள்ளிவச்ச புதினாத் தொட்டியில பச்சை. நான் ஒண்ணுமே பண்ணல. பத்து நாளா மழை, நான் மாடிக்கே போகல. குச்சிக்கு அடியிலேர்ந்து நகம் அளவு இலையா எட்டு இடத்துல வருது.

நாம பாத்துக்கிட்டா சாகுது, பாக்காம விட்டா பிழைக்குது. என் வீட்டுல எல்லாருமே அப்படித்தான்.

2 டிசம்பர்

30-ஆம் தேதி புயல் புதுச்சேரி பக்கம் கரையேறுச்சு, இங்கயும் நாள் பூரா ஊத்தித் தள்ளுச்சு. நிழல் வலை பக்கத்து வீட்டு டிஷ் ஆண்டெனாவைப் போத்திக்கிட்டு நிக்குது. பூசணிக் கொடி போச்சு. தூதுவளை மட்டும் முள்ளால கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே இருக்கு. அதை அவிழ்க்கப் போனதுல என் கைதான் கிழிஞ்சது. அந்தக் கோவத்துலயே பறிச்சு, இலை நடுநரம்பு முள்ளையெல்லாம் கத்தியால எடுத்து, நெய்யில வதக்கித் துவையல் அரைச்சாச்சு.

தொட்டியெல்லாம் தளும்பி வழிஞ்சிருக்கு. ஆச்சரியம், விளிம்புல இருந்த வெள்ளைப் படிவத்தைக் காணோம். மஞ்சத்தூள் வேலை பண்ணிடுச்சோ என்னவோ.

15 ஜனவரி 2025

கொத்தமல்லி வந்துடுச்சு!!! நேத்துப் பொங்கலுக்கு எங்க மாடிக் கொத்தமல்லிதான். ஒரு சாண் உயரம், கிள்ளினா அடுத்த வீடு வரைக்கும் வாசனை. காரணம் குளிர். வெயில்தான் எதிரின்னு ஜூன்ல சொன்னவங்க எல்லாருக்கும் மன்னிப்பு. இதோட இந்தப் பேச்சை முடிச்சுக்கலாம்.

16 மார்ச்

முடியல. திரும்ப வாங்க.

பிப்ரவரி நடுவுலயே இலை ஓரம் கருக ஆரம்பிச்சது, அப்ப வெயிலே ஏறல. மழை நின்னதும் நான் திரும்ப வாளி தூக்க ஆரம்பிச்சிருந்தேன். முந்தாநாள் ஆர்.ஓ. மெஷின் பில்டர் மாத்த ஒரு தம்பி வந்தார். பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் வச்சிருந்தார், தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பை அளக்கறது. போர் தண்ணி 900. குடிக்கிற தண்ணி 60. கழிவுக் குழாய்க்கு அடியில இருந்த வாளியில சும்மா வச்சுப் பாத்தார், 1320.

"இந்த வாளி எதுக்குக்கா?"

"செடிக்கு."

அவர் ஒண்ணும் சொல்லல. மீட்டரை வேஷ்டியில துடைக்கற மாதிரி பேண்ட்ல துடைச்சுட்டு, மாடியைப் பாத்துத் தலையை ஒரு ஆட்டு ஆட்டினார். அந்த ஆட்டுதான் எனக்கு ராத்திரி பூரா தூக்கத்தைக் கெடுத்துச்சு.

மெஷின் உப்பை அழிக்கறதில்ல, ஒதுக்கறது. ஒதுக்கின உப்பு பூரா கழிவுல. போர் தண்ணியைவிட மோசமான தண்ணியைத் தேடிப் பிடிச்சு, மூட்டு வலியோட மாடி ஏறிப் போய், கொத்தமல்லிக்கு ஊத்தியிருக்கேன். பொண்ணு கணக்குப் போட்டா: லிட்டருக்கு 1320 மில்லிகிராம், பத்து லிட்டர் வாளிக்கு 13 கிராம். ரெண்டு டீஸ்பூன் உப்பு. மாசத்துக்குக் கிட்டத்தட்ட 400 கிராம். செடி தண்ணியைக் குடிச்சுட்டு உப்பை மண்ணுலயே விட்டுடும். தரை ஒழுகுமேன்னு பயந்து அடியில தட்டு வச்சு அளந்து அளந்து ஊத்துவேன், அதனால வெளிய போகவும் வழியில்ல. போதாக்குறைக்கு மேல பஞ்சகவ்யம். தேங்காய்நார்க் கழிவையும் கழுவாமலே கலந்திருக்கேன், அதுலயே ஏற்கனவே உப்பு இருக்குமாம்.

அந்த வெள்ளை. பழைய தொட்டி ஒண்ணு சிமெண்ட் ஷீட்டுக்கு அடியில மழை படாம இருந்துச்சு. விளிம்பை நகத்தால சுரண்டினேன், பொருபொருன்னு உதிர்ந்துச்சு. நாக்குல வச்சேன். கரிப்பு, லேசா கசப்பு. பூஞ்சையும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அதுக்குத்தான் மஞ்சத்தூள் தூவியிருக்கேன். இன்னும் கொஞ்சம் மிளகாத்தூள் போட்டிருந்தா வறுவலே ஆயிருக்கும்.

புயல்ல அது காணாமப் போனது மஞ்சளால இல்ல, மழைத்தண்ணி கழுவினது. அக்டோபர்ல புதினா பிழைச்சதும் அதனாலதான். ஜனவரிக் கொத்தமல்லியும் பாதி அதனால, பாதி குளிரால. மன்னிப்புல பாதியைத் திரும்ப வாங்கிக்கறேன்.

மேல 12 ஜூன் குறிப்பைப் பாருங்க. கழிவுத் தண்ணி ஊத்தறேன்னு நானே பெருமையா எழுதி வச்சிருக்கேன். இத்தனை பேர் படிச்சீங்க, ஒருத்தர் கண்ணுலயும் படலையா?

17 மார்ச்

கோவமா எழுதினதுக்கு சாரி. ஆறு பேர் வீட்டுல அவங்களும் அதைத்தான் ஊத்தறாங்கன்னு இப்பதான் ஒத்துக்கறாங்க.

"அப்ப சங்குப்பூ எப்படி வந்துச்சு?" நல்ல கேள்வி. என்னுது 200 லிட்டர் டிரம்ல இருக்கு, மண்ணு அதிகம், ஒரு செம்பு உப்புத் தண்ணி அதுக்கு ஒண்ணும் இல்ல. கொத்தமல்லி ஒரு சாண் தட்டுல. கற்பூரவல்லியும் பிரண்டையும் இலையிலயும் தண்டுலயும் தண்ணி சேத்து வச்சுக்கற ஜாதி, கிடைக்கறதை வச்சுக் குடும்பம் நடத்தும். ஒரே தண்ணின்னு முதல் நாள் நான் எழுதினது சரிதான், ஒரே தொட்டின்னு நினைச்சதுதான் தப்பு.

20 ஏப்ரல்

ஒரு மாசமா மூணு பெயிண்ட் வாளி வச்சுப் பாத்தேன், மூணுலயும் புதினா. சந்தைக் கட்டுலேர்ந்து தடிச்ச குச்சியா எடுத்து, கணுவுக்குக் கீழ வெட்டி, கீழ் இலையைக் கிள்ளிட்டு டம்ளர் தண்ணியில நிக்கவச்சேன். ஆறாம் நாள் கணுவுலேர்ந்து வெள்ளை மீசை மாதிரி வேர். அப்புறம்தான் மண்ணுல. மூணும் நிழல்ல.

ஒண்ணுக்கு லாரியில வர்ற குடிதண்ணி, ஒண்ணுக்கு போர், ஒண்ணுக்கு ஆர்.ஓ. கழிவு. மூணாவது வாரம் கழிவு வாளியில கீழ் இலை ஓரம் கருகிடுச்சு, அதே பழைய அப்பளம். போர் வாளி உயிரோட இருக்கு, ஆனா இலை சின்னது, தடிப்பு. குடிதண்ணி வாளி வழியுது. போருக்கும் கழிவுக்கும் நான் நினைச்ச அளவு பெரிய வித்தியாசம் இல்லைங்கறதையும் சொல்லிடறேன். 900-மே புதினாவுக்கு அதிகம்தான் போல.

பழைய தொட்டிகளை ஒரு சாயந்திரம் வரிசையா கழுவினேன். தட்டை எடுத்துட்டு, தொட்டி கொள்ளளவு மாதிரி ரெண்டு மூணு மடங்கு நல்ல தண்ணியை மெதுவா ஊத்தி அடியில வழிய விட்டேன். முதல்ல வந்தது டிக்காஷன் நிறம். கழிவுத் தண்ணி இப்ப பாத்ரூமுக்கும் மாடிப்படி கழுவறதுக்கும் போகுது. மழைத்தண்ணிக்கு ரெண்டு டிரம் வாங்கி வச்சிருக்கேன், மழை எப்ப வருமோ.

வேப்பம்பூ கேட்டவருக்கு: இது மாடியில வளக்கறது இல்ல, தெருமுனை மரம். ராத்திரி பழைய புடவையை விரிச்சுட்டு வந்துடுவேன், காலையில சுருட்டி எடுத்துட்டு வந்து காம்பு புடைச்சு நிழல்ல காயவைக்கறது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு அதுதான். மிச்சம் ரசத்துக்கு, நெய்யில கறுக்க வறுத்துக் கடைசியில போடணும்.

25 மே

கத்திரி முடிய இன்னும் மூணு நாள். புதினா நிக்குது. நேத்து அத்தை மாடிக்கு வந்து ஒரு கைப்பிடி பறிச்சுக்கிட்டு, "இதுக்கா ஒரு வருஷம்?"னு கேட்டுட்டு இறங்கிட்டாங்க. கொத்தமல்லி இப்ப போடல. ஐப்பசி வரட்டும், அதுவரைக்கும் மூணு ரூபாய்க்கோ முப்பது ரூபாய்க்கோ கடையிலயே வாங்கிக்கறேன்.

இப்ப செம்பருத்தி மொட்டு பூரா மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புத் தண்ணி சேத்து அடிச்சேன், ஒரு வாரத்துல திரும்ப வந்துடுச்சு, எறும்புதான் தூக்கிட்டு வருதுன்னு சந்தேகம். அதை இங்க கலக்க வேணாம், தனியா போடறேன். இந்தத் 'தனியா' விதை இல்ல, யாரும் செருப்பை எடுக்காதீங்க.